நீதிபதி எங்கள் ஊர்க்காரர்: அரியாலையிலிருந்து சாவகச்சேரிக்கு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பெட்டியின் அடியிலிருந்து தபால் வாக்குச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அதில் நிரப்பாத ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அமெரிக்காவில் நான் வாழும் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்ற நீதிபதிகளை இப்போது மாநிலம் முழுவதும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கிறது. இனிப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாமா? கணவரும் நானும் வீடு வீடாகப் போய் 'ஆம்' வாக்குக் கேட்டவர்கள். பிறகும் ஏன் நிரப்பாமல் வைத்திருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இந்த ஐப்பசியில் நான் அரியாலைக்கு வந்தது பெரியம்மாவின் மகள் வதனி அக்காவின் வழக்குக்குத் துணையாக. மீசாலையில் உள்ள அவருடைய தோட்டக் காணியிலிருந்து பங்குக் கிணற்றுக்குப் போகும் பாதையைப் பக்கத்துக் காணிக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். சாவகச்சேரி நீதிமன்றத்துக்குப் போக அரியாலையில் 7.40க்கு ஓட்டோ ஏறினோம். பன்னிரண்டு கிலோமீற்றர், 1,500 ரூபாய்.

வழியில் வாக்குச்சீட்டைப் பற்றிச் சொன்னேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அப்ப நீதவான் வீட்டுப் படலையிலை வந்து நிண்டு வோட்டுக் கேப்பாரோ?"

"ஓம், கேட்பார்."

"போடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு, அடுத்த கிழமை அவரின்ரை கோட்டிலை வழக்குக்குப் போய் நிண்டால் என்ரை கதி என்னக்கா?"

வதனி அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, நீர் றோட்டைப் பாரும். எங்களுக்கு வந்திருக்கிற புது நீதவான் எங்கடை அம்மாவின்ரை ஊர் ஆள். இனிப் பயமில்லை." ஒரு கிழமையாக ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் அவர் இதைத்தான் சொல்லித் திரிந்தார்.

10.50க்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். நீதிபதி வழக்குக் கோவையைப் புரட்டி, அக்காவின் தாயாருடைய பெயரையும் ஊரையும் கேட்டார். அக்கா பெருமையாகச் சொன்னார். அவர் பேனாவை மூடினார். தன் மனைவி வழியில் அக்கா உறவு என்றும், இந்த வழக்கைத் தான் விசாரிக்க முடியாது என்றும் சொல்லி, வேறு நீதிபதிக்காக மூன்று மாதம் தள்ளிப் போட்டார்.

வெளியே வந்ததும் அக்காவுக்குக் கோபம். "சொந்தக்காரன் எண்டால் உதவ வேணும். உவர் என்னெண்டால் கையைக் கழுவுறார்."

"வேலிக்காரருக்குச் சொந்தமாயிருந்தாலும் இதைத்தானே செய்திருப்பார்?"

அக்கா பஸ் தரிப்பை நோக்கி நடக்கத் தொடங்கினார். "அப்ப சரி. ஆனால் மூண்டு மாதம் தண்ணிக்கு நான் சுத்திப் போகவேணுமே."

திரும்பும்போது பஸ், ஆளுக்கு எண்பது ரூபாய். நீதிமன்றம் போகிறவர்கள் கடவுச்சீட்டோ அடையாள அட்டையோ கொண்டு போங்கள், கைபேசியை நிறுத்திவிடுங்கள், ஒன்பதுக்கு முன் போனால்தான் வாங்கில் இருக்க இடம் கிடைக்கும்.

எனக்குத்தான் ஒன்றும் தெளியவில்லை. கிணற்றுப் பாதையின் அருமை தூரத்து நீதிபதிக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் 'எங்கள் ஆள்' என்றே நாங்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவர், எங்கள் வழக்கு வரும்போது எப்படி எழும்பிப் போவார்? எழும்பிப் போனால் அடுத்த முறை அவருக்கு யார் வாக்களிப்பார்? அக்கா போட மாட்டார். நானும் போட்டிருப்பேனா தெரியாது.

வாக்குச்சீட்டை அனுப்ப வேண்டிய கூரியர் கடை நான்கு மணிக்குப் பூட்டிவிடும். இப்போது மூன்று. 'ஆம்' கேட்டு நான் தட்டிய கதவுகளை நினைக்கக் கூச்சமாக இருக்கிறது. கணவருக்கும் சொல்லவில்லை, அக்காவுக்கும் சொல்லவில்லை: 'இல்லை' என்றுதான் நிரப்பப் போகிறேன்.