தபால்காரர் அரியமுத்துவின் இடது கால்

கீழப்பழுவூர்த் தபால்காரர் அரியமுத்துவுக்குச் சைக்கிள் ஓட்ட வராது. இருபத்தாறு வருஷமாக நடந்தே கடிதம் கொடுத்தவர். தன் நடையைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

1981 மாசியில் இடது கெண்டைக்கால் தகராறு பண்ண ஆரம்பித்தது. தபாலாபீசிலிருந்து இருநூறு தப்படி போனதும் யாரோ பிடித்து முறுக்குவதுபோல் இழுக்கும். இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடும். வலி என்று வெளியே சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. கடிதக் கட்டை எடுத்து விலாசம் பார்ப்பதுபோல் நின்றுகொள்வார்.

வம்பு என்னவென்றால், வலி வருகிற இடம் நாள் தவறாமல் சிந்தாமணியின் இட்லிக்கடை வாசல். சிந்தாமணி புருஷனை இழந்து தனியாகக் கடை நடத்துகிறவள். முதல் வாரம் தனக்குத்தான் கடிதமோ என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டாம் வாரம், மனுஷர் வெயிலில் நிற்கிறாரே என்று ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள். அரியமுத்து உட்கார்ந்தார். ஊர் பார்த்தது. அவர் பெண்சாதி ராசாத்திக்குச் செய்தி தபாலைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது.

ராசாத்தி சண்டை பிடிக்கவில்லை. மறுநாள் பையும் கையுமாக அவர் பின்னாலேயே நடந்தாள். இட்லிக்கடை வாசலில் அவர் நின்றார்.

"இங்க ஏன் நிக்கிறீங்க?"

"கால் வலிக்குது."

"அது எப்புடி இவ வூட்டு முன்னாடி மட்டும் வலிக்குது?"

அவர் குனிந்து கெண்டைக்காலை நீவிக்கொண்டார். அடுத்த பஸ்ஸிலேயே அவரை அரியலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் இரண்டு பாதத்திலும் விரல் வைத்துத் துடிப்புப் பார்த்தார். இடது பாதத்தில் வெகுநேரம் தேடினார்.

"பீடி உண்டா?"

"ஒரு கட்டு."

"ரெண்டு" என்றாள் ராசாத்தி.

"காலுக்கு ரத்தம் போற குழாயில கொழுப்பு படிஞ்சு, சுவர் தடிச்சு இறுகிப்போச்சு. சும்மா இருந்தா வர்ற ரத்தம் போதும். நடந்தா சதை கூடுதலாக் கேக்கும், வராது. அதான் வலி. நின்னா சரியாயிடும்."

ராசாத்தி யோசித்தாள். "ஆளப் பாத்து வராதுங்களா?"

"தூரத்தப் பாத்துதாம்மா வரும். பீடிய விட்டுட்டு, கொழுப்பக் கொறச்சு, தினம் நடக்கணும். வலிச்சா நின்னு, திரும்ப நடக்கணும்."

ராசாத்தி அப்படியெல்லாம் நம்பிவிடுகிறவள் அல்ல. மறுநாள் அவரை மேலத்தெரு வழியாக நடக்கவிட்டு, தப்படியை எண்ணிக்கொண்டே கூடப் போனாள். இருநூற்று நாலில் அரியமுத்து நின்றார். அது முருகையனின் முடிதிருத்தும் கடை. முருகையன் மீசையை நீவிக்கொண்டு, "வாங்கண்ணே, சேவிங்கா?" என்று துண்டை உதறினான். வலியைச் சொல்ல வெட்கப்பட்டு, காலையில்தான் மழித்த முகத்தை அவர் மறுபடியும் மழித்துக்கொண்டார். ராசாத்திக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

பீடியை மூன்று தடவை விட்டார். மூன்றாம் தடவைதான் அது அவரை விட்டது. ஐப்பசியில் நிற்காமல் ஏரிக்கரை வரை போனார்.

ஒருநாள் ராசாத்தி தானாகவே சிந்தாமணி கடைக்குப் போய் நாலு இட்லி தின்றுவிட்டு, ரத்தக்குழாய் எப்படி இறுகும் என்று விளக்கமாகச் சொன்னாள்.

சிந்தாமணி கேட்டாள்: "அக்கா, எனக்கு முட்டி வலிக்குதே, அதுவும் குழாயா இருக்குமா?"

"எந்திரி. நடந்து காட்டு, சொல்றேன்."

அடுப்பைத் தணித்துவிட்டுச் சிந்தாமணி தெருவில் இறங்கினாள். ராசாத்தி சத்தமாக எண்ணிக்கொண்டே பக்கத்தில் நடந்தாள்.