வடக்கு ஏரிக்குப் போட்ட மூன்று நாள் திட்டம்

எலுமிச்சைத் தோல், பினாயில், அதற்கு அடியில் போகவே போகாத மீன் வாடை... அந்த மூன்றும் கலந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

எங்கள் குட்டி யானை லோடு வண்டியை நாலு நாள் கழுவினோம், நானும் என் வீட்டுக்காரரும். டச்சுக் கல்லறைச் சுவர் ஓரம் வேப்பமர நிழலில் நிறுத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தோம்.

அவர் ஏரியில் வலை கட்டுகிறவர். வலை இல்லாத நாளில் அதே வண்டியில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவார். ஒருநாள் திடீரென்று, இந்த வண்டியிலேயே நாம் டூர் போகிறோம் என்றார்.

எல்லாம் டிவியில் பார்த்த வேலை. ஏதோ ஒரு குளிர் நாடு. ஒரு புருஷன் பெண்டாட்டி. வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. வடக்கே ஏரியும் காடும் இருக்கிற ஊராகப் பார்த்துப் போய், கரையில் வண்டியை நிறுத்தி டீ போட்டுக் குடிக்கிறார்கள்.

"நமக்கும் வடக்க ஏரி கீது, காடு கீது. நம்ம ஏரிதான். நான் பாத்ததே இல்ல மல்லிகா."

நிஜம்தான். ஏரி ஒன்று. ஆனால் வடக்குப் பக்கம் ஆந்திராக்காரர்கள் வலை கட்டுகிற இடம். எல்லையைத் தாண்டினால் படகையும் வலையையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரிலேயே கிடந்த மனுஷன், அதன் மறுகோடியைப் பார்த்ததில்லை. ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போனால்தான் உண்டு.

கல்லறைச் சுவரைக் காட்டிச் சிரிப்பார். "உள்ள படுத்துனு கீறவங்க எங்கேர்ந்தோ கப்பல்ல வந்தாங்க. நான் இன்னும் எல்லைல கீற ஆரம்பாக்கம் தாண்டல."

திட்டம் மூன்று நாள். முதல் நாள் தடா பக்கம் காடு, அருவி. அடுத்த நாள் சூளூர்பேட்டை தாண்டி நேலப்பட்டு. அங்கே தண்ணீருக்குள் நிற்கிற மரங்களில் வெளிநாட்டுப் பறவை கூடு கட்டுமாம். மூன்றாம் நாள் ஏரியின் வடக்குக் கரை... அங்கே சும்மா உட்கார்ந்திருப்பது. அது ஒன்றுதான் அன்றைக்கு வேலை.

உடைந்த படகின் பலகையை இழைத்து அவரே கட்டில் அடித்தார். நான் பழைய புடவையைக் கிழித்துத் திரை தைத்தேன். சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், கொசு வலை, கருவாடு, நாலு பாக்கெட் ரஸ்க். கருவாடு வேண்டாம், திரும்பவும் வண்டி நாறும் என்று சண்டை போட்டார். நான் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு வசந்தா அக்கா விடவே இல்லை. "இன்னாடி, பொண்ணக் கட்டிக் குடுத்தப்புறம் ஹனிமூனா?" என்று போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை. வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தோம்.

எங்கள் ஊரில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. சீட்டு எடுத்து முறை வைப்பார்கள். பாடு என்று சொல்வோம். உங்கள் முறை வந்தால் அந்த நாள், அந்த இடம் உங்களுக்கு. போகவில்லை என்றால் போனதுதான், அடுத்த சுற்று வரைக்கும் காத்திருக்க வேண்டும். முகத்துவாரத்துப் பக்கம், இறால் ஓடுகிற நல்ல இடம், அவருக்கு விழுந்தது. அதே வெள்ளிக்கிழமை.

"இந்த வாட்டி பாடு வேணாம், வுட்டுடலாம்" என்றார். யோசிக்கக்கூட இல்லை.

நான்தான் சொன்னேன். "எறா நேரங்க. பாடு முடிச்சிட்டுப் போலாம். ஏரி எங்க ஓடிப் போவுது?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, மார்பளவு தண்ணீரில் நின்று வலைக்குக் கொம்பு ஊன்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். கூட இருந்தவர்கள் படகில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் எங்கள் வண்டி தயாராக நின்றது. அதிலேயே ஏற்றினார்கள். அவர் அடித்த கட்டிலில் அவரையே படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவருடைய கூட்டாளி ஒருத்தர் வண்டியை ஓட்டினார்.

"ரொம்ப வேகமாப் போறான்... மெதுவா ஓட்டச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் பேசினார். பொன்னேரி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

எங்கே இருந்திருந்தாலும் இந்த அட்டாக் வந்திருக்கும் அம்மா என்று டாக்டர் சொன்னார். நல்ல மனசில் சொன்னார். இருக்கலாம். ஆனால் பாடு முடித்துவிட்டுப் போகலாம் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால், அன்று காலை அவர் தடாவில் ஒரு மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார். நானும் பக்கத்தில் இருந்திருப்பேன்... இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

வண்டியைக் கொடுத்துவிட்டோம். கட்டிலை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். அதில் யாரும் படுப்பதில்லை.

இப்போது மெட்ராஸிலிருந்து பையன்களும் பெண்களும் பெட் போட்ட வேனில் எங்கள் ஊருக்கே வருகிறார்கள். கரையில் கூடாரம் போடுகிறார்கள், பாட்டு வைக்கிறார்கள். நாங்கள் மாசக்கணக்கில் பேசிப் பேசி வைத்ததை, அவர்கள் போனைப் பார்த்துக் கிளம்பி வந்துவிடுகிறார்கள்.

போன மாசம் என் பெண் செல்வி வந்தாள். "நைனா போணும்னு சொன்ன எடத்துக்குப் போய்ட்டு வரலாம் வாம்மா" என்றாள். மருமகன் கார் ஓட்டினார். ரோடு வழவழவென்று இருந்தது. தடாவில் நிறுத்தவே இல்லை. நேலப்பட்டில் இறங்கி மேடை மேல் ஏறிப் பார்த்தோம். மரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். அப்புறம் வடக்குக் கரைக்குப் போனோம். தண்ணீர் முழங்கால் அளவுகூட இருக்காது. தூரத்தில் ஒருத்தர் படகில் ஏறாமல் இழுத்துக்கொண்டே நடந்து போனார். எங்கள் பக்கத்து மாதிரியே காற்று.

ஒரு நாள் முழுக்க உட்காரத் திட்டம் போட்ட கரையில் முக்கால் மணி நேரம் இருந்தேன்.

செல்வி போட்டோ எடுத்தாள். "போலாமாம்மா?" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். மருமகனுக்கு மதியம் ஷிஃப்ட்.

போலாம் என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.