சுவரோரத்து ஆறு வரிசை

அம்மாவின் ரோஜாச் செடிகள் ஒரே வாரத்தில் கோணிக்கொண்டு போனபோது எனக்குப் பதினொரு வயது. காரணம் என்ன என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். அதற்கு முன்னால் சம்பந்தமே இல்லாத ஒருவர்மேல் பத்து நாள் பழி போட்டு வைத்திருந்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்து ப்ளாக்கில், கடைசி வரிசையில் இருந்தது. பின்பக்கத் தோட்டம் முடியும் இடத்தில் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கிராமத்துக்காரர்களின் நிலம். துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி நின்றால் கரும்பு தெரியும். அப்பா சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். அம்மா தென்காசிப் பக்கம். கல்யாணமாகி வந்த முதல் மாதமே சமையலறை ஜன்னலிலிருந்து சுவர்வரைக்கும் மண்ணைக் கொத்திப் போட்டுவிட்டாளாம். நான் பிறப்பதற்கு முன்னாலேயே அங்கே ரோஜா இருந்தது. இந்த விஷயத்தில் எனக்கு அந்தச் செடிகள் மீது சின்னப் பொறாமையும் உண்டு.

டவுன்ஷிப்பில் வருஷாவருஷம் வீட்டுத் தோட்டத்துக்குப் போட்டி வைப்பார்கள். அம்மா இரண்டு முறை இரண்டாவது பரிசு வாங்கியிருந்தாள். இரண்டு முறையும் முதல் பரிசு எங்கள் வரிசையிலேயே நாலாவது வீட்டில் இருந்த ஆன்ட்டிக்குப் போனது. அம்மாவும் ஆன்ட்டியும் கிண்ணத்தில் குழம்பும் பொரியலும் மாற்றிக்கொள்வார்கள். பதியன் மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

அந்தத் தை மாதம் பொங்கல் முடிந்து சில நாட்களில் ரோஜாவின் கொழுந்துகள் சுருள ஆரம்பித்தன. வாடவில்லை, பூச்சி அரிக்கவில்லை. புதிதாக வந்த இலையெல்லாம் விரல் மாதிரி ஒடுங்கி, கிண்ணம் மாதிரி குவிந்துகொண்டது. நேராக நின்ற தண்டு பாம்பு போல் வளைந்தது. மொட்டுகள் விரியாமல் பாதியில் இறுகிப்போயின. செம்பருத்திக்கும் அதே கதி. போட்டிக்கு இருபது நாள்கூட இல்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிச் சாம்பல் படிந்திருக்கும் என்றார் அப்பா. திருஷ்டி என்று சொல்லி பால்காரர் மிளகாய் சுற்றிப் போடச் சொன்னார். நர்சரிக்காரர் ஒரு கிளையை உடைத்துப் பார்த்து, இது வைரஸ், எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அவர் சொல்றதும் சரிதான். புடுங்கிப் போட்டுட்டு க்ரோட்டன்ஸ் வை. தண்ணியும் கம்மியா குடிக்கும்” என்றார் அப்பா.

“நீங்க ஷிஃப்டுக்குக் கிளம்புங்க” என்றாள் அம்மா. ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை. தினமும் காலையில் கோணல் கிளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினாள். அவளுடைய அந்த முதுகைப் பார்த்துத்தான், கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

என்னிடம் குற்றவாளி தயாராக இருந்தார். முதல் பரிசை மூன்றாவது முறையும் தானே வாங்க நினைத்த நாலாம் வீட்டு ஆன்ட்டி. வெந்நீரை ஊற்றினாரா, வேறெதையாவது கரைத்து ஊற்றினாரா என்பதுதான் தெரியவில்லை. பத்து நாள் அவரைக் கண்காணித்தேன். பள்ளிக்கூட பஸ்ஸில் அவர் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினேன். கடைசியில் ஒரு மாலை, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் அவர் வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். டேலியாப் பாத்தியின்மேல் பழைய புடவை போர்த்தியிருந்தது. அதுதான் சாட்சியம் என்று ஓசைப்படாமல் தூக்கிப் பார்த்தேன்.

அத்தனை டேலியாவும் கோணல். எங்கள் ரோஜாவை விட மோசம்.

“உங்கம்மா அனுப்பினாளா? இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னாளா?”

ஆன்ட்டி பின்கதவருகே நின்றிருந்தார். அவரும் பத்து நாளாக எங்கள் வீட்டைக் கண்காணித்திருக்கிறார். ரோஜாவும் இப்படித்தான் கிடக்கிறது என்று நான் அழுதுகொண்டே சொன்னதை முதலில் நம்பவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் எங்கள் தோட்டத்துக்கு வந்து பார்த்தார். பார்த்தபிறகு அவரும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டு, இருவருமாக என்னைத் திட்டினார்கள்.

மறுநாள் எங்கள் வரிசை முழுவதும் நடந்து பார்த்தேன். எல்லா வீட்டிலும் பின்பக்கச் செடிகள் மட்டும்தான் கோணியிருந்தன. வாசல் பக்கத்துச் செடிகள் பழுதில்லாமல் நின்றன. எங்கள் வீட்டிலேயே தண்ணீர்த் தொட்டியின் மறைவில் வைத்திருந்த இரண்டு தொட்டி ரோஜாக்கள் நேராகப் பூத்திருந்தன. எது வந்ததோ, அது சுவரைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம், ஒரு கோணல் கிளையை உடைத்து சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம், பிறகு செம்மண் தடம். எங்கள் சுவருக்குப் பின்னால் இருந்த கரும்பை அடைய, சுவரை ஒட்டியே ஒரு பெரிய சுற்று சுற்ற வேண்டியிருந்தது.

மோட்டார் கொட்டகை வாசலில் நாற்பது நாற்பத்தைந்து வயது அத்தை ஒருவர் மருந்து டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆண்கள் சட்டையைப் புடவைமேல் போட்டிருந்தார். பினாயில் மாதிரி ஒரு வாடை அடித்தது. பொங்கல் விடுமுறையில் ஒரு காலை, கொடியில் உலர்ந்த துணியை எடுக்கும்போது அதே வாடையை நான் முகர்ந்திருக்கிறேன்.

“யாரு வூட்டுப் பொண்ணு நீ? தனியா சைக்கிள எடுத்துக்கினு வந்துக்கிறியே?”

“சுவருக்கு அந்தப் பக்கம். எங்கம்மா ரோஜால நீங்கதான் மருந்து அடிச்சிருக்கீங்க.”

“இன்னாது? என் கொல்லையில கரும்புக்கு நான் களை மருந்து அடிக்கிறேன். உங்க வூட்டு ரோஜாவாண்ட எனக்கு இன்னா வேலை?”

கொல்லை என்று அந்தப் பக்கத்தில் வயற்காட்டைச் சொல்வார்கள். நான் கிளையை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், கரும்பைக் காட்டினார். “மருந்து பட்டது இதும்மேல. எதுனா கோணிக்கினு நிக்குதா பாரு.”

கரும்பு ஈட்டி மாதிரி நேராக நின்றது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்வையைத் திருப்பியபோது, கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த அவரைப் பந்தல் கண்ணில் பட்டது.

“அப்ப அது?” என்றேன்.

அவர் எழுந்து பந்தலடிக்குப் போனார். என் ரோஜாக் கிளையை அவரைக் கொழுந்தின் பக்கத்தில் வைத்தார். அதே சுருட்டல், அதே கிண்ணம். இரண்டையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தார்.

“அகல எலைக் களைதான் சாவும், கரும்ப ஒண்ணும் பண்ணாதுன்னு கடைக்காரன் சொன்னானே. பூச்சின்னு நெனச்சிக்கினு இதுக்கு வேற தனியா மருந்து அடிச்சேனே” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என்னிடம் கோபமாக, “நான் இன்னா செய்யட்டும் சொல்லு. களையெடுக்க ஆளு எங்க கெடைக்குது? அல்லாம் கான்ட்ராக்ட் வேலைக்குப் பூடுது. என் வூட்டுக்காரரே மைன்ஸ்லதான் கான்ட்ராக்ட்டு” என்றார். ஆனால் நான் கிளம்பும்போது முந்தானையில் இருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கூடையில் போட்டார்.

வீட்டில் எனக்கு முதுகில் ஒரு அடி விழுந்தது, தனியாக ரோட்டுக்குப் போனதற்காக. அடித்த கையோடு அம்மா துவைக்கும் கல்லின்மேல் ஏறினாள். ஆன்ட்டிக்கு ஒரு ஸ்டூல் போட்டோம். அம்மா கூப்பிட்ட குரலுக்கு அந்தப் பக்கம் அத்தை வரப்புக்கு வந்து நின்றார். என் வாழ்நாளில் நான் பார்த்த முதல் பேச்சுவார்த்தை அதுதான்.

“அடிக்கவே அடிக்காதீங்கன்னு சொல்லலக்கா. காத்து இந்தப் பக்கம் வரும்போது அடிக்காதீங்க” என்றாள் அம்மா.

“காத்து இன்னா என் பேச்சையாம்மா கேக்குது? விடியற்காலம் நின்னுகினு இருக்கு. ஒரு டேங்க் அடிச்சி முடிக்கிறதுக்குள்ள கெளம்பிடுது.” அத்தை சுவரோரத்து வரிசைகளை விரல்விட்டு எண்ணினார். “சுவரோரம் ஆறு வரிசைய வுட்டுட்றேன். மீதிய விடியறதுக்குள்ள அடிச்சிக்கிறேன். ஆனா அந்த ஆறு வரிசைக் களைய யாரு எடுக்கிறது?”

“நாங்க எடுக்கிறோம்” என்றாள் அம்மா.

ஸ்டூலில் நின்ற ஆன்ட்டி அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “குவார்ட்டர்ஸ்ல கொண்டுவந்து குடி வெச்சா, சுவரேறிக் குதிச்சுக் களையெடுக்கப் போறியா?”

சுவரேறவில்லை. நான் காட்டிய வழியில், பெருமையோடு நான் சைக்கிளில் முன்னால் போக, இருவரும் நடந்து வந்தார்கள். ஆன்ட்டி பாத்திரம் தேய்க்கும் ரப்பர் உறை போட்டுக்கொண்டு வந்தார். முதல் அரைமணி நேரத்தில் புல் என்று நினைத்து நாலைந்து கரும்புக் குருத்துகளைப் பிடுங்கி வரப்பில் அழகாக அடுக்கி வைத்துவிட்டார். அத்தை அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஆன்ட்டியும் சிரித்தார். கரும்புத் தோகை கையெல்லாம் கீறியது. இரண்டாம் நாள் அம்மாவின் உள்ளங்கையில் கொப்புளம் வந்து, மூன்றாம் நாள் உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு நாலாம் நாளும் போனாள். ஆறு வரிசையும் சுத்தமானபிறகுதான் களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

போட்டிக்குக் கொடுத்த பெயரை அம்மா திரும்ப வாங்கவில்லை. பார்க்க வந்த அதிகாரி ஒருவர், “இந்த வருஷம் ஏம்மா கலந்துக்கிட்டீங்க?” என்று பாவமாகக் கேட்டார். “செடி உயிரோடதானே சார் இருக்கு” என்றாள் அம்மா. முதல் பரிசு வேறொரு ப்ளாக்கில், வெறும் க்ரோட்டன்ஸ் வளர்த்தவருக்குப் போனது. அப்பா அன்று சாமர்த்தியமாக ஒன்றும் பேசவில்லை.

மறுநாளே அம்மா கோணிய கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டாள். பங்குனியில் துளிர்த்தது. முதல் இலை விரிந்து தட்டையாக நின்றபோது ஆன்ட்டியைக் கூப்பிட்டு வந்து காட்டினாள். அதற்கப்புறம் மருந்தடிக்கும் நாளெல்லாம் விடிவதற்கு முன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: “ஏ ரோஜாக்காரம்மா! அடிக்கப் போறேன்!” நாங்கள் பழைய புடவைகளையும் பெட்ஷீட்களையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஆறு வரிசைக்கு அடுத்த களை வந்தபோதும் அம்மாவும் ஆன்ட்டியும் போனார்கள். ஒரு இலைகூடப் பிறகு சுருளவில்லை.

இருந்தாலும் எனக்குத் திருப்தியில்லை. புடவை மூடுவதெல்லாம் பாதி வெற்றி என்று நினைத்தேன். மருந்தே இல்லாமல் போக வேண்டும்.

கரும்பு வெட்டி, கட்டை துளிர்த்து, மறுபடியும் வளர்ந்தது. அந்த வருஷ மழை முடிந்த சமயம் ஒருநாள் துவைக்கும் கல்லின்மேல் நின்று பார்த்தபோது, கரும்புக்குள் நாலைந்து பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். நான் கையாட்டினேன். ஒருவர் திருப்பிக் கையாட்டினார். வரப்போரம் வெள்ளையடித்த கற்களை நட்டுவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அத்தை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். அதுவரை அவரைச் சுவருக்குமேல் தெரியும் முகமாகவோ, கரும்புக்குள் குனிந்த முதுகாகவோதான் பார்த்திருந்தோம். நல்ல புடவை கட்டியிருந்தார். அம்மா கொடுத்த காபியை வாசற்படியில் நின்றபடியே குடித்தார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது, கல் நட்டது, பதிலுக்கு வேறொரு இடத்தில் மனை என்று சில சொற்கள் என் காதில் விழுந்தன. டவுன்ஷிப்பில் எல்லோரும் தினமும் பேசுகிற சொற்கள்தான் அவை, நான் கவனிக்கவில்லை. அத்தை கடைசியாக, வைப்பதற்கு ரெண்டு ரோஜாக் குச்சி வேண்டும் என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

நான் குறுக்கே புகுந்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“அத்தை, இந்தத் தையிலயும் மருந்து அடிப்பீங்களா?”

அவர் என் கன்னத்தைத் தொட்டார். “இல்ல கண்ணு. இனிமே அடிக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

நான் தெருவில் ஓடினேன். ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டி, இனிமேல் மருந்தே கிடையாதாம், நாம் ஜெயித்துவிட்டோம் என்று கத்தினேன். அவர் பெண்ணையும் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அம்மா தோட்டத்தில் கத்தரியோடு நின்றிருந்தாள். போட்டிக்காக மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த கிளைகளையெல்லாம், மொட்டோடு இருந்தவற்றைக்கூட, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு சாக்கின் வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை நின்ற பக்கம் அவர் பார்வையைத் திருப்பவே இல்லை. “போதும்மா, போதும்மா” என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா நிறுத்தவில்லை.

ஜெயித்த அன்றைக்கே இப்படித் தோட்டத்தை மொட்டையடிக்கிறாளே, போட்டிக்கு எதைக் காட்டுவது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று இரவு அம்மாவிடம் நான் பேசவே இல்லை.