நான் கழற்றிய பற்றரி

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அப்பாவும் அம்மாவும் படுக்கையும் காஸ் அடுப்பும் உள்ள பழைய கேம்பர் வான் ஒன்றை வாங்கி ஊர் சுற்றத் தொடங்கினார்கள். அறுபது வயதில் ஓட்டப் பழகிய அம்மாதான் சாரதி, சமையல் அப்பாவுடையது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். ஆனாலும் அவர்களின் துணிவு எனக்கு இல்லை.

சென்ற கோடையில் நானும் அவர்களோடு வேல்ஸ் கடற்கரைக்குப் போனேன். அப்பா வானுக்குள் மீன் பொரிக்கத் தொடங்கினார். பக்கத்து வானுக்கு மணம் போகுமே என்று வெட்கப்பட்டு, யன்னல்கள், கூரைத் திறப்பு எல்லாவற்றையும் மூடினேன். சற்று நேரத்தில் வானுக்குள் சுவரிலிருந்த அலாரம் அலறியது. லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டில் தாளிக்கும்போது புகை அலாரம் கத்தினால் செய்வதுபோல, அதன் பற்றரியைக் கழற்றிவிட்டேன்.

“தலை இடிக்குது தம்பி,” என்று அப்பா சுவரில் சாய்ந்தார்.

தண்ணீர் எடுக்கப் போயிருந்த அம்மா அப்போதுதான் வந்து கதவைத் திறந்தார். என் கையில் பற்றரியைக் கண்டதும் அடுப்பை அணைத்து, அப்பாவை வெளியே இழுத்தார்.

“அது புகைக்குக் கத்துறேல்லையடா, காஸ் அடுப்பில வாற நச்சுக் காத்துக்கு! படிச்சனீதானே, அதில எழுதியிருக்கிறதை வாசிக்க ஏலாதே?”

புல்லில் கிடந்த அப்பா மெல்லக் கண்ணைத் திறந்து, “மீன் கருகிப் போச்சோ?” என்றார். அம்மா சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது. மருத்துவமனையில் சோதித்து, ஆபத்தில்லை என்றார்கள். மறுநாளே அம்மா மறுபடி வானை எடுத்தார்.

இப்போது நான் எந்த அலாரத்திலும் கைவைப்பதில்லை. வீட்டில் மீன் பொரிக்கும் நாளில் தெருப்பக்க யன்னலையும் அகலத் திறந்துவிடுகிறேன். மணம் போகிற இடமெல்லாம் போகட்டும்.