கரண்ட் போன பிறகும் சுற்றிய ஃபேன்

கம்ப்யூட்டரில் திறந்து வைத்த பக்கம் கண்ணெதிரே காணாமல் போனால், ஐம்பதை நெருங்கும் இந்த வயதிலும் என் கை முதலில் போவது சுவரிலுள்ள ஸ்விட்சுக்குத்தான். இந்த வீரம் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் வந்து ஒட்டிக்கொண்டது.

அம்மாவின் தங்கையான சித்தி அப்போது எங்களோடு உத்தனப்பள்ளியில் இருந்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் அடிக்கும் வேலை. ஊத்தங்கரையில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்று அந்த வீட்டில் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் தலையாட்டியாயிற்று. சித்தி மட்டும் வழக்கம்போல ஓசூர் பஸ் ஏறினாள். எனக்கோ கல்யாணத்துக்கு எடுக்கப்போகும் பேன்ட்டைத் தவிர வேறு கவலை இல்லை.

ஒரு சனிக்கிழமை என்னையும் கம்பெனிக்கு அழைத்துப் போனாள். கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே கோயில் மாதிரி செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். அடுத்த வாரம் யார் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற லிஸ்ட்டைச் சித்தி அடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் மேனேஜர் கூப்பிட்டார்.

"எதையும் தொட்டுடாதடா, சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொட்டேன். மேல்வரிசையில் ஒரே ஒரு விசை. லிஸ்ட்டில் இருந்த அத்தனை பேரும் மறைந்து, அந்த இடத்தில் ஒரு குட்டி ஆங்கிலக் கடிதம் நின்றது. கீழே சித்தியின் பெயர். அந்த புரோகிராமில் ஒரு சன்னலுக்குப் பின்னால் இன்னொன்றைத் திறந்து வைக்கலாம், அதே விசையை மறுபடி தட்டினால் பழையது முன்னால் வந்துவிடும் என்பதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? ஆட்களையெல்லாம் கடிதமாக மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை கம்பெனி ஓடாது. சித்திக்கு வேலை போய்விடும். என்னைத் தேடி ஜீப் வரும்.

எங்கள் ஊரில் எந்தப் பழியையும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்வது கரண்ட் ஒன்றுதான். ஸ்விட்சை அணைத்தேன். திரை இருண்டது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சித்தி வந்தாள். "கரண்ட் போச்சு சித்தி."

அவள் தலைக்கு மேலே பார்த்தாள். "கரண்ட் போனா ஃபேன் எப்டிடா சுத்துது?"

"அது... பழைய வேகத்துல சுத்துது."

பக்கத்து அறையிலிருந்து மேனேஜர் குரல் கன்னடத்தில் வந்தது. "ஏனம்மா, லிஸ்ட் ஆயித்தா?"

சித்தி என்னையே பார்த்துக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னாள். "கம்ப்யூட்டர் நின்த்ஹோயித்து சார், அர்த கண்டெ கொடி." தானாகவே நின்றுவிட்டதாம், அரை மணி நேரம் வேண்டுமாம். எனக்கு அழுகை வந்தது.

"மூக்கத் தொடச்சிக்கடா. லிஸ்ட்ட சேவ் பண்ணிட்டுதான் போனேன். கடைசிப் பக்கம்தான் போயிருக்கும்."

"அந்த லெட்டரு?"

அவள் ஸ்விட்சை மறுபடி போட்டாள். "அத சேவ் பண்ணல. படிச்சியா?"

"உம் பேர மட்டும் படிச்சேன்."

கடைசிப் பக்கத்தை அடித்து, லிஸ்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு அந்தக் கடிதத்துக்காக வெறும் சன்னல் ஒன்றைத் திறந்தாள். தேதியை அடித்தாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒவ்வோர் எழுத்தாகத் தேதியை அழித்துவிட்டு, "கெளம்புடா" என்றாள்.

பிற்பாடும் அந்த ராஜினாமாக் கடிதத்தை அவள் அடிக்கவில்லை. ஊத்தங்கரையில் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்து, பிறகு வழிக்கு வந்தார்கள். கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம் அவள் அதே ரூமுக்கு வெளியே செருப்பைக் கழற்றினாள்.

அந்தச் சனிக்கிழமை திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். நியாயமாக உதைதான் விழுந்திருக்க வேண்டும். பஸ் கிளம்பியதும், "பழைய வேகத்துல சுத்துதாமில்ல" என்று சிரிக்க ஆரம்பித்தவள் உத்தனப்பள்ளி வரைக்கும் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு நான் அப்படியென்ன சொல்லிவிட்டேன் என்று யோசித்துக்கொண்டே பப்ஸைத் தின்றேன்.