எந்த ஷிப்ட்?

அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் யாரும் தொடாமலே கிணுகிணுக்கும். காலடியில் தரை ஒருமுறை உதறி அடங்கும். சுரங்கத்துக்குள் எங்கோ பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் தெருப் பெண்கள் கடவுளைக்கூடப் பிறகுதான் கூப்பிடுவார்கள். முதலில் கேட்பது, 'எந்த ஷிப்ட்?'

'ஷிப்ட்' என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே நாங்கள் குடும்பம் நடத்தினோம். அப்பாவுக்கு 'நைட் ஷிப்ட்' என்றால் பகலெல்லாம் பிள்ளைகள் வாய் திறக்கக் கூடாது. தட்டு போதாததால் அம்மா 'ரெண்டு ஷிப்டா' சோறு போடுவாள். வீடு மாறினாலும் ஷிப்ட், வருஷா வருஷம் பிள்ளை பெற்றாலும் 'ஷிப்டே தவறல' என்ற கேலி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அதற்கு 'நகர்த்துதல்' என்று பொருள் எழுதிப் போட்டபோது எனக்குச் சப்பென்று போய்விட்டது. எங்களுக்கு அது, வீட்டு ஆம்பளை மண்ணுக்கு மேலே இருக்கிறாரா கீழே இருக்கிறாரா என்ற கேள்வி.

ஐந்தாம் வகுப்பு படிக்கையில் ஒரு நாள் காலை பதினோரு மணிவாக்கில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அப்பாவுக்கு முதல் ஷிப்ட்தான். ஆனால் காய்ச்சல் தாங்காமல் அப்போதுதான் வீட்டுக்கு வந்து படுத்திருந்தார். அம்மா ஆண்டர்சன்பேட்டைக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். அப்பாடா என்று அவர் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்தேன். பையிலிருந்து பித்தளை டோக்கன் விழுந்தது.

கீழே இறங்குகிறவர் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவார், மேலே வந்ததும் பலகையில் தன் நம்பர் ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறார் என்று தேடப் போய்விடுவார்கள். அப்பாவை எழுப்பிக் காட்டினேன். அவர் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"ஷிப்ட் முடியறதுக்கு முன்னாடி யாருக்கும் சொல்லாத வந்துட்டேம்மா. தெரிஞ்சா வேலயும் போச்சு, வூடும் போச்சு. யாரும் பாக்காதப்ப ஆணில மாட்டிட்டு வந்துரு."

ஓடினேன். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் கூட்டம் நெரிந்தது. பலகைக்கு முன்னால் டைம்கீப்பர் நின்று, மேலே வந்தவர்கள் மாட்டியது போக மிச்சமிருந்த காலி ஆணிகளின் நம்பர்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் நம்பரைத் தேடி நாலு பேர் இறங்கிவிட்டார்கள் என்றார்கள். அதில் ஒருவர் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்காவின் கணவர். நான் சுவரோரம் ஒதுங்கினேன். சொன்னால் அப்பாவின் வேலை போய்விடும், சொல்லாவிட்டால் அந்த நாலு பேர் என்ன ஆவார்களோ. டோக்கனைக் கைக்குள் மூடிக்கொண்டேன். தரை மறுபடியும் உதறியது. அப்போதும் நான் நகரவில்லை, அவ்வளவு பயம்.

ஸ்டெல்லாக்கா திரும்பினவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அழாத கண்ணு. எங்க வூட்டுக்காரரு போயிருக்காரு இல்ல, ஒங்கப்பாவ கூட்டிக்கினுதான் வருவாரு."

கையை விரித்தேன். அவள் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு கத்தியபடியே ஓடினாள். மணி அடித்துக் கீழே சேதி போயிற்று. ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்து கதவு திறந்தது. நாலு பேரும் வெளியே வந்தார்கள். அப்பாவைக் கொஞ்ச நாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான்.

இப்போது சுரங்கம் மூடிக் கிடக்கிறது. பலகையும் ஆணிகளும் எங்கே போயினவோ தெரியாது. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளை வழியனுப்ப யாரும் பயப்படுவதில்லை. என் மகளுக்கு ஷிப்ட் என்பது கீபோர்டில் ஒரு பட்டன்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் ஸ்டெல்லாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள்: "டோக்கன் கெடச்ச ஒடனே ஓடியாந்து குடுத்த பொண்ணு இது. இல்லாட்டி எங்க வூட்டுக்காரரு இல்ல."

அவள் திரும்பிப் பார்ப்பதற்கு முன் நான் அந்தச் சுவரோரம் எவ்வளவு நேரம் நின்றிருந்தேன் என்பதை அன்றும் அவளிடம் சொல்லவில்லை.