படிக்கத் தெரியாதவள் எண்ணிய தாள்கள்

ஜெர்மனியில் நான் கேட்டுப் போன வேலைகளில் பாதி, மொழி தெரியாது என்பதால் கிடைக்காமல் போனவை. ஒரே ஒரு வேலை, மொழி தெரியாது என்பதற்காகவே கிடைத்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, குளிர் விட்டுக்கொண்டிருந்த மாதங்கள். டுசல்டோர்ஃப் நகரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜப்பானியக் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கும். அங்கே ஒரு ஜப்பானியப் பெண்மணியின் வீட்டைச் செவ்வாயும் வெள்ளியும் துப்புரவு செய்துவந்தேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகும் நாடு திரும்பாமல், அந்த நகரத்து ஜப்பானியருக்காக மாதம் ஒரு சிறு பத்திரிகை நடத்தினார். பத்திரிகை என்றால் பின்னறையில் தானே தட்டச்சு செய்து, கடையில் பிரதியெடுத்து, மடித்து அனுப்பும் எட்டுப் பக்கம். பல் வைத்தியரின் விளம்பரம், விற்பனைக்கு ஒரு பியானோ, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, இவ்வளவுதான் அதில் இருக்கும்.

அந்த மாதம் அவருக்கு வேறு ஆசை வந்துவிட்டது. முந்தைய ஆண்டு கோபேயில் பெரிய பூகம்பம். உதவி பிந்தித்தான் வந்தது என்ற கோபம் அவர்கள் நாட்டில் இன்னும் ஆறவில்லை. அந்த ஆண்டு, விழுந்துபோன வீட்டுக்கடன் நிறுவனங்களைத் தூக்கி நிறுத்த மக்களின் வரிப்பணத்தைக் கொடுப்பதா என்று சண்டை. வெளிநாட்டில் இருக்கும் ஜப்பானியருக்கு அப்போது வாக்களிக்க வழியில்லை.

"வாக்கு இல்லை. சரி. கருத்துமா இல்லை?" என்று அவர் ஒரு நாள் என்னிடம் கேட்டார். இரண்டு பேருக்கும் உடைந்த ஜெர்மன்தான். ஆனால் உடைந்த இடங்கள் ஒன்றாக இருந்ததால் நன்றாகவே விளங்கிக்கொண்டோம்.

பத்திரிகையின் நடுவில் ஒரு கேள்வித்தாளை வைத்து அனுப்பினார். அரசாங்கம் எப்படி வேலை செய்கிறது, பூகம்பத்தின்போது எப்படிச் செய்தது, வரிப்பணத்தைக் கொடுக்கலாமா, வெளிநாட்டில் வாழும் ஜப்பானியருக்கு வாக்கு வேண்டுமா. ஒவ்வொன்றின் கீழும் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஒன்று என்றால் மிக நன்று, ஐந்து என்றால் மிக மோசம். வட்டம் போட்டு அனுப்பினால் போதும்.

யாரும் அனுப்பவில்லை. இரண்டு கிழமை போனபின், மீன் கடையில் ஒரு பெண் அவருடைய காதில் காரணத்தைச் சொன்னாளாம். நகரம் பெரியது, ஜப்பானியர் வட்டம் சின்னது. பெயர் எழுதாவிட்டாலும் ஒருவர் உறையில் எழுதும் கையெழுத்து இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். எல்லோரும் ஏதோ ஒரு கம்பனி. கம்பனிக்கு அரசாங்கத்தோடு ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கல்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் குளியலறையைக் கழுவிக்கொண்டிருக்க, அவர் வாசலில் வந்து நின்றார்.

"உங்களுக்கு ஒரு எழுத்தாவது ஜப்பானிய மொழி தெரியுமா?"

"தெரியாது."

"இங்கே ஜப்பானியர் யாரையாவது தெரியுமா?"

"உங்களை."

அவர் கைகளைத் தட்டிக்கொண்டார். மறுநாளே ஒரு துண்டறிக்கை போனது. உறைகளைத் திறப்பவர் ஜப்பானிய மொழி அறியாதவர், உங்களில் எவரையும் அறியாதவர், வட்டங்களை மட்டும் எண்ணிவிட்டுத் தாளைக் கிழித்துவிடுவார், பத்திரிகை நடத்தும் நான் ஒரு தாளையும் பார்க்கமாட்டேன் என்று.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உமக்கென்ன விசரே? எங்கட அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. ஆரின்ரையோ அரசாங்கத்தைப் பற்றி ஆரோ எழுதினதை நீர் ஏன் போய்ப் பிரிக்கிறீர்?"

"எண்ணத்தானே போறன். வாசிக்க ஏலாதுதானே எனக்கு."

"பொலிஸ் வந்து கேட்டா அதைச் சொல்லும்."

அவர் பயந்ததில் பிழையில்லை. நாங்கள் விட்டுவந்த நாட்டில் அரசாங்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதிய கடதாசி வீட்டில் கிடந்தாலே போதும். ஆனாலும் எனக்கு மறுக்க மனமில்லை. ஊரில் இரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவள் நான். இந்த நாட்டுக்கு வந்தபின் கையில் பென்சில் பிடித்து ஒரு வேலையும் செய்ததில்லை.

உறைகள் வந்து குவிந்தன. செவ்வாய்க்கிழமை பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கதவைச் சாத்துமுன், நாலு கோடு கீறிக் குறுக்கே ஒன்று வெட்டி எண்ணும் என் முறையைப் பார்த்துவிட்டு, அவர் தங்கள் முறையைக் காட்டித் தந்திருந்தார். அவர்கள் ஐந்து கோட்டில் ஓர் எழுத்தை எழுதுவார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு கோடு. ஐந்தாவது கோட்டில் எழுத்து முழுமையாகும். அதற்குச் 'சரி' என்று பொருளாம். எனக்கு அது பிடித்துக்கொண்டது. பக்கம் முழுக்கச் சரி, சரி, சரி என்று எழுதிக்கொண்டு போனேன். முக்கால்வாசிச் சரிகளும் 'மோசம்', 'மிக மோசம்' என்ற பத்திகளின் கீழேதான் விழுந்தன.

எழுதவேண்டாம் என்று சொல்லியும் ஓரங்களில் எழுதியிருந்தார்கள். ஒருவர் அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்திருந்தது. ஒருவர் பின்பக்கம் முழுவதையும் நிரப்பி, இடம் போதாமல் மூலையில் எழுத்தைச் சிறிதாக்கியிருந்தார். நான் அவற்றைப் பார்த்தபடி இரண்டாகக் கிழித்துப் பையில் போட்டேன்.

கதவுக்கு வெளியேயிருந்து அவர் கேட்டார். "ஏதாவது எழுதியிருக்கிறார்களா?"

"ஆம். நிறைய."

"காட்டவேண்டாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "நிறைய என்றால் எவ்வளவு?" என்றார்.

பாவமாக இருந்தது. வாசிப்பதற்காகவே வாழ்ந்த மனுசி அவர். தன் வாசகர்கள் முதல்முறையாக மனம் திறந்து எழுதியதைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கிழிபட விட்டுக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய சங்கடம், எனக்கு இப்போது ஓர் எழுத்து வாசிக்கத் தெரிந்துவிட்டது. அந்தச் 'சரி' எழுத்து பலருடைய வரிகளில் தென்பட்டது, முன்னால் இன்னொரு சிறு எழுத்தோடு. பொறுக்கமுடியாமல் அந்த இரண்டையும் என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்துவிட்டு மெதுவாக, "சரியில்லாதது. முறைகேடு," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போய், தானே கழுவிவிட்டார். "இனிமேல் எழுத்து எதுவும் சொல்லித் தரமாட்டேன்."

மிச்ச உறைகளை வெள்ளிக்கிழமை எண்ணினேன். மத்தியானம் அவர் பிரதி எடுக்கும் கடைக்குப் போயிருந்தார். நான் பைகளைக் கட்டி முற்றத்திலுள்ள நீலத் தொட்டியில், கடதாசிக்கென்று வைத்திருக்கும் தொட்டியில், போட்டுவிட்டு வந்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, மணி அடித்தது. நல்ல கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட ஒரு ஜப்பானியர் மூச்சு வாங்க நின்றார். நாற்பது வயதிருக்கும்.

"தாள்களை எண்ணுபவர் நீங்களா?"

"பொலிஸ் வந்து கேட்டா" என்ற கணவரின் குரல் என் காதுக்குள் கேட்டது. ஆம் என்றேன்.

அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு விரல் அளவுக் கட்டையை எடுத்து, சிறு கடதாசியில் அழுத்திக் காட்டினார். சிவப்பு வட்டம், உள்ளே எழுத்து. அவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை, இந்த முத்திரையைத்தான் குத்துவார்கள். இருபது வருடம் கம்பனிக் கந்தோரில் தாளின் அடியில் முத்திரை குத்திக் குத்திப் பழகிய கை, அந்தக் கேள்வித்தாளின் அடியிலும் குத்திவிட்டது. காலையில்தான் நினைவு வந்ததாம். தன் பெயரையே போட்டு அனுப்பியிருக்கிறார்.

எனக்கு நினைவிருந்தது. செவ்வாய்க்கிழமை எண்ணிய தாள். சிவப்பு வட்டத்தை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

"எங்கே?" என்றார்.

"கீழே. தொட்டியில்."

அவர் விரலால் மேலே காட்டினார். "இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் என் மேலதிகாரி குடியிருக்கிறார்."

அப்போதுதான் தெருவில் குப்பை லொறியின் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் படிகளில் பாய்ந்தோம். லொறிக்காரன் தொட்டியின் கைப்பிடியில் கை வைத்துவிட்டான். "மோமென்ற், பிற்ற!" கொஞ்சம் பொறு என்று நான் கத்திய கத்தலில் அவன் கையை எடுத்துவிட்டான். ஒரு கனவானும் துப்புரவுக்காரியும் தொட்டிக்குள் தலையை விட்டதைப் பார்த்து, தோளைக் குலுக்கிவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான்.

முதல் பையில் இல்லை. இரண்டாவதை நிலத்தில் கொட்டினோம். அவர் மினுங்கும் சப்பாத்தோடு முழங்காலில் இருந்தார். எல்லாம் வெள்ளை, எல்லாம் பாதி. பிறகு சிவப்பு தெரிந்தது. நான் எடுத்து நீட்டினேன். மறுபாதியைக் கிழிந்த ஓரத்தை வைத்துப் பொருத்திக் கண்டுபிடித்தோம். அவர் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மிச்சத்தை அள்ளித் தொட்டியில் போட, லொறிக்காரன் "சரிதானே?" என்று கேட்டுவிட்டு அதை உருட்டிப் போனான். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த மனிதர் எழும்பித் தூசி தட்டும்போது முற்றத்துக் கதவு திறந்தது. ஒரு ஜப்பானியப் பெண், பழைய சஞ்சிகைக் கட்டோடு. அவர் விறைத்துப்போய்க் கிழிந்த தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு குனிந்து வணங்கினார். அவளும் வணங்கினாள். ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி நீளமாக ஒன்று சொல்லி, வாயைக் கையால் மூடிச் சிரித்துவிட்டு மேலே போனாள்.

அவர் படிக்கட்டில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மேலதிகாரியின் மனைவி," என்றார். "முடிவுகள் எப்போது வரும் என்று கேட்கிறார். அவருடைய கணவரும் அனுப்பினாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பின்பக்கமும் எழுதினாராம். இடம் போதவில்லையாம்."

அந்தத் தாளை நான் கண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

பத்திரிகைப் பெண்மணி திரும்பி வந்தபோது நாங்கள் சமையலறை மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நடந்ததைக் கேட்டு அவர் தலையில் கை வைத்தார். அந்த மனிதர் இரண்டு பாதிகளையும் மேசையில் சேர்த்து வைத்து அவர் பக்கம் தள்ளினார். தன் தாள் என்று தானே சொல்லியாயிற்று, இனி வாசிக்கலாம் என்றார்.

பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். பிறகு எனக்காக ஜெர்மனில் சொன்னார். பூகம்பத்தன்று இவருடைய தாயின் வீடு இடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தாயைக் கையால் தோண்டி எடுத்தார்கள். இரண்டு நாள், உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல், இந்த நகரத்தில் இவர் தொலைபேசியைப் பிடித்தபடி இருந்தார்.

"இப்போது அம்மா?" என்று கேட்டேன்.

"அக்காவோடு இருக்கிறார். நன்றாக இருக்கிறார். போன கிழமைகூட என்னோடு சண்டை பிடித்தார்," என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் நாட்டில் இந்தத் தாளைக் கொடுத்தால் எதில் வட்டம் போடுவீர்கள்?" என்று கேட்டார்.

"போடமாட்டோம். அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, இப்படியொரு தாள் வரவே இல்லை என்போம்."

அந்த மனிதர் போகும்போது எனக்கு, மேலதிகாரிகளுக்குச் செய்வதைப்போல், இடுப்பு வளைய வணக்கம் சொன்னார்.

அடுத்த மாதப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் நான் எண்ணிய எண்கள் வந்தன. ஜப்பானியத் தூதரகத்திலிருந்து அழைப்பு வந்தது என்று பெண்மணி சொன்னபோது நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். பத்துப் பிரதி மேலதிகமாகக் கிடைக்குமா என்று கேட்டார்களாம்.

அன்று பின்னேரம் வேலை முடிந்த கையோடு என் கணவர் என்னைக் கூட்டிப் போக வந்திருந்தார். டிராம் தரிப்பிடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, எல்லாருக்கும் அரசாங்கத்திலை கோவமோ?"

"ஓம். கனபேருக்கு."

"பிறகென்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. பேப்பரை வாசிச்சினம். சாப்பிட்டினம். அடுத்த நாள் வேலைக்குப் போச்சினம்."

அவர் நம்பாததுபோல் என்னையே பார்த்தார். பிறகு, "பொலிஸ் ஒருத்தரையும் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"ஒருத்தரையும் பிடிக்கேல்லை," என்றேன். டிராம் வந்தது. இருக்க இடம் கிடைத்தது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நெடுநாளைக்குப் பிறகு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.